ரணகள்ளிக்கு ஆரத்தி எடுத்தவள் நான்தான், குணா

என் செல்லக் குணா,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ கோபப்பட மாட்டாய். உனக்கு எப்போதுதான் கோபம் வந்தது?

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உன் ரணகள்ளி தொய்ந்து கிடந்தது. உன் பெண்டாட்டி மலர் காலையில் ஒரு செம்பு, சாயந்தரம் ஒரு செம்பு என்று ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "அவரு போனாரு, இதுவும் பின்னாலயே போவுது அண்ணி" என்று ஒரே அழுகை. அந்தச் செடியும் போயிருந்தால் அவளைத் தேற்றவே முடிந்திருக்காது, குணா.

இலையை அழுத்திப் பார்த்தேன். கொழகொழவென்று இருந்தது. தொட்டியைத் தூக்கினால் கல்லாய்க் கனத்தது. இதே இலையை ஒருமுறை பார்த்தவள் ஆயிற்றே நான்!

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்த அந்த வாரம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஒன்றும் ஓடவில்லை. நீ கள்ளக்குறிச்சி அச்சாபீசில் மாட்டிக்கொண்டாய். நிச்சயதார்த்தத்தன்று நைனார்பாளையத்திலிருந்து மலர் கொண்டுவந்து கொடுத்த செடி கச்சிராயபாளையத்தில் என் பொறுப்பில் இருந்தது. எதிர்வீட்டுக்காரி, "இன்னா தளதளன்னு கீது!" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே ஓர் இலை தொங்கியது. கண்பட்டுவிட்டது என்று நானே முடிவுகட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து மூன்று வேளையும் ஆரத்தி சுற்றி, தண்ணீரை வேரிலேயே ஊற்றினேன். அறிவு கெட்டவள்!

ஐந்தாம் நாள் நீ நடந்தே வந்து சேர்ந்தாய். கால் கழுவக்கூட இல்லை, நேரே செடியிடம் போனாய்.

"மொதல்ல வாடுனது மேல் இலையா, கீழ் இலையாக்கா?"

"கீழதான்டா."

"தாகம்னா இலை சுருங்கும். வெயில் சுட்டா காஞ்ச திட்டு வுழும். இது கண்ணாடி மாரி ஆயி கொழகொழன்னு கீது பாரு. தண்ணி ஜாஸ்தி."

என்னைத் திட்ட ஒரு வார்த்தை செலவழித்தாயா? செடியைப் பிடுங்கினாய். வேரெல்லாம் கறுத்துப்போயிருந்தது. கெடாமல் இருந்த ஒரே ஓர் இலையை இரண்டு நாள் நிழலில் காயவைத்து, ஓட்டுத்துண்டும் ஆற்றுமணலும் போட்ட தொட்டியில் படுக்கவைத்தாய். அந்த இலையின் விளிம்பில் முளைத்து வந்ததுதான் உன் ஜன்னலோரச் செடி. அத்தனை பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

பஸ் ஓடத் தொடங்கியதும் பெண் வீட்டார் வந்தார்கள். பெண் கொடுத்த செடிக்கே திருஷ்டி கழித்தார்கள் என்று தெரிந்திருந்தால் அபசகுனம் என்று கல்யாணமே நின்றிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "நான்தாங்க தண்ணிய ஜாஸ்தி வுட்டுட்டேன்."

போன வாரம் மலரின் கையிலிருந்த செம்பைப் பிடித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு செடிக்குத் தண்ணி வுடக்கூடாதுன்னு சொல்றீங்களே, உங்களுக்கு இன்னா தெரியும்?"

அதற்குமேல் எப்படி மறைப்பது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மலர் என்னையே பார்த்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்தாள், அழுதாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு செடிய வளக்கத் தெரியாத ஆளுன்னு முப்பது வருசமா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே அண்ணி! பக்கத்துலயே குந்திக்கினு கேட்டுக்கினு இருந்தாரே அந்த மனுசன்!"

இரண்டு பேருமாக அழுகிய வேரை வெட்டினோம். நான்கு நல்ல இலைகள் தேறின. மணலில் படுத்திருக்கின்றன. விரலை விட்டுப் பார்த்து, அடிமண் காய்ந்தால்தான் தண்ணீர். மத்தியான வெயில் படாத இடம். மலரே பார்த்துக்கொள்கிறாள்.

முப்பது வருஷம் அவள் யார் யாரிடம் அப்படிச் சொன்னாளோ, அத்தனை பேரிடமும் போய் நிஜத்தைச் சொல்லப் போகிறேன். வீடு வீடாகப் போக வேண்டியிருந்தாலும் போவேன். இது சத்தியம்.

இத்தனை வருஷம் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த,
உன் அக்கா
செல்வி