வேர்க்காத ரோஜா

ஏப்ரல் 27, சனி

மூன்று மணி வெயிலில் கடற்கரைக்குப் போக இவர் யோசித்தார். "லீவு விட்டாச்சு, கூட்டம் வரும், போங்க" என்றேன். பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி மெரினாவைச் சுற்றிவருவதுதானே இத்தனை வருஷமாக இவர் தொழில்.

திரும்பியபோது இவர் சட்டையைப் பிழியலாம். குதிரையின் முதுகோ காய்ந்திருந்தது. "பாத்தியா நிசா, ஒரு பொட்டு வேர்வை இல்ல. நம்ம ரோஜா வெயிலுக்கே அசராதவ!" எனக்கும் பெருமைதான்.

மே 1

நிழலில் நிற்கும்போதும் ரோஜாவுக்கு மூக்கு விரிந்து விரிந்து மூச்சு. புல் பாதி அப்படியே கிடக்கிறது. சொன்னேன். "ஒம்போது வயசு குதிரைக்கு இன்னா ஆவும்?" என்று சிரித்தார்.

மே 5, ஞாயிறு

நாலு மணிக்கு இவரிடமிருந்து போன். ரோஜா மணலில் தள்ளாடி நின்றுவிட்டது. ஓடினேன். நொச்சிக்குப்பத்து மீன்காரி சொர்ணம் ஐஸ் தண்ணீரைப் பெட்டியோடு தூக்கிவந்து அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணே, தொட்டா அடுப்பு மாதிரி கீது!" இவர் அதன் முகத்தைப் பிடித்தபடி நின்றார்.

போங்க போங்கன்னு தொரத்துனது யாரு? நான்தானே.

மே 6

கால்நடை டாக்டர் கயல் வந்தார். கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுவிடுமாம். "நாய் நாக்கைத் தொங்கப் போடும், காக்கா வாயைத் தொறந்து வெச்சுக்கும், எருமை தண்ணில கெடக்கும். குதிரைக்கு நம்மள மாதிரி வேர்வைதாம்மா. அது நின்னுட்டா சூடு உள்ளயே தங்கிடும்."

மருந்து? குளிர்ந்த ஊர்தானாம்.

இதற்கா பெருமைப்பட்டோம்?

மே 8

ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். சாப்பிட வரவில்லை. என் தம்பி ஃபராஸ் கொடைக்கானலில் குதிரை ஓட்டுகிறான். எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, இவரே கேட்டார். "ஃபராஸ் வெச்சிப்பானா?"

மே 11

ரோஜாவோடு லாரி போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு

தி.நகர் துணிக்கடை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் வேலை இவருக்கு. இன்று விடுப்பு. ஃபராஸ் வீடியோவில் கூப்பிட்டான். ரோஜாவின் கழுத்து நனைந்து பளபளத்தது.

"அங்க மழையா?" என்றார்.

"இல்ல மச்சான். ஏரியை ஒரு சுத்து வந்தோம். வேர்த்திருக்கு."

போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனை வைத்ததும், "மழைக்காலத்துல கூட்டிக்கினு வந்துடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் நிசா. நாம போய்ப் பாத்துட்டு வரலாம்."