கோவில்பதாகைக் கொட்டகையில் வாசித்த நாட்கள்

ஜூன் 6, 1942, சனி

காலையிலிருந்தே அனல். வயலின் பிருடை நிற்கவில்லை. முறுக்க முறுக்கச் சுருதி இறங்குகிறது. பத்து மணிக்கு ஒரு தந்தி அறுந்தது. "தந்தி போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள், கையெல்லாம் மாவு. வயலின் தந்தி அம்மா, என்றேன். திரும்பிப் போனாள்.

ரங்கூனிலிருந்து லில்லி அக்கா கடைசியாக எழுதியது பொங்கலுக்கு முன்னால். தாமஸ் அத்தானும் அவளும் குழந்தை ரோஸியுமாகக் கப்பலுக்கு அலைவதாக. பிறகு ஒன்றுமில்லை. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்து வருகிறார்களாம்.

சாயந்திரம் பயிற்சி, அம்பத்தூர்ப் பள்ளிக்கூட ஹாலில். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானதில் எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவும் பாதியாகிவிட்டது. டிரம்பெட் இல்லை. புல்லாங்குழல் திருச்சிக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பதை வைத்து மாஸ்டர் ஒப்பேற்றுகிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கையில் குச்சியை எடுத்தால் முதுகு நிமிர்ந்துவிடும்.

இன்று ஒரு செய்தி சொன்னார். ஆவடி தாண்டி, கோவில்பதாகைப் பக்கம், பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் நாம் போய் வாசிக்கலாம். காலரா பயத்தில் சொந்தக்காரர்களைக்கூட உள்ளே விடுவதில்லை. வாசிக்கிறவர்களுக்கு மட்டும் அனுமதி.

"யார் யார் வர்றீங்க?" என்று அவர் கேட்டு முடிக்குமுன் என் கை மேலே. இரண்டாம் வயலினில் கடைசி நாற்காலி நான். போன மாதம்தான், "எஸ்தர், நீ மெதுவா வாசி, தப்பு வெளியில கேக்காம இருக்கும்" என்றார்.

வாங்க: தந்தி, மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம்.

ஜூன் 13, சனி

முதல் தடவை. ஆவடி வரை ரயில், அப்புறம் கன்னியப்பனின் மாட்டு வண்டி. டபுள் பாஸைத் தூக்கி வைத்ததும் கன்னியப்பன் முகம் சுளித்தான். "இன்னாமா இது, பொணப் பொட்டி கணக்கா கீது?" பீட்டர்தான் சிரித்தான். கிளாரினெட் வாசிக்கிறவன், எதற்கும் சிரிப்பான். அவன் தங்கை கிரேஸ் செல்லோவைக் கட்டிப்பிடித்தபடி வழி நெடுகப் புழுதியைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

பனை ஓலைக் கொட்டகைகள், வரிசையாக. முன்னால் வேப்ப மரம், அதன் கீழ் எங்கள் நாற்காலிகள். பினாயில் வாடை. மொட்டையடித்த தலைகள். ஆணா பெண்ணா என்று தெரியாத உடம்புகள்.

வாசிக்க ஆரம்பித்ததும் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "அரிசி கேட்டா பாட்டா குடுக்கிறீங்க?" மாஸ்டரின் குச்சி ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் நோட்டைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். எங்கே வாசிக்கிறோம் என்றே தெரியாமல் வில் தானாகப் போனது. இடைவேளையில் கொட்டகை கொட்டகையாக விசாரித்தேன். ரங்கூன். கம்பெனி குமாஸ்தா தாமஸ். மனைவி லில்லி. நாலு வயசுப் பெண். யாருக்கும் தெரியவில்லை. என்னைத்தான் திருப்பிக் கேட்டார்கள். "வெளியிலேர்ந்து வர்றியே, எங்க ஊட்டுக்காரர எங்கனா பாத்தியாம்மா? காதுல கடுக்கன் போட்டிருப்பாரு."

ஜூன் 16, செவ்வாய்

அம்மா இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சோறு வடிக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைக்கிறாள், காலையில் நாங்களே அதைச் சாப்பிடுகிறோம்.

ஜூன் 20, சனி

போனேன். புதிதாக ஒரு லாரிக் கூட்டம் வந்திருந்தது. அவர்கள் இல்லை.

ஒரு பெண், மடியில் குழந்தை, மாஸ்டரிடம் வந்து அந்த மெதுவான பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். "அப்பத்தான் இது கண்ண மூடிச்சு." இரண்டு தரம் வாசித்தோம். பீட்டரின் கிளாரினெட் அந்த இடத்தில் தனியாக வரும். அவ்வளவு சன்னமாக அவன் வாசித்து நான் கேட்டதில்லை. போன வாரம் கத்திய ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் தாகம் தாங்காமல் பீட்டர் அங்கேயே பானைத் தண்ணீர் குடித்தான். கிரேஸ் அதட்டினாள். சிரித்தான்.

ஜூன் 24, புதன்

பீட்டருக்கு வாந்தி, பேதி. விடியற்காலையிலிருந்து.

ஜூன் 25, வியாழன்

பீட்டர் போய்விட்டான். மத்தியானம். சாயந்திரமே அடக்கம், சுண்ணாம்பு போட்டு. சபை ஐயர் தூர நின்று ஜெபித்தார். யாரும் வாசிக்கவில்லை.

கல்லறை வாசலில் கிரேஸ் என் எதிரே வந்து நின்றாள். கண்ணில் ஈரமே இல்லை. "உங்க அக்காவத் தேட எங்க அண்ணந்தான் கெடச்சானா?"

நானா கூட்டிக்கொண்டு போனேன்? அவனாகத்தானே வந்தான்? சொல்லவில்லை. சொல்லி என்ன.

ஜூன் 26, வெள்ளி

பயிற்சிக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். பெற்றோர்கள்தான் கூட்டமாக வந்திருந்தார்கள், சண்டைக்கு. இனிமேல் அங்கே போகக்கூடாதாம். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குச்சியைக் கையில் எடுக்கவே இல்லை.

எல்லோரும் போனபின் அவர் காலில் விழாத குறை. "இன்னும் ஒரே தடவை மாஸ்டர். நாளைக்கு லாரி வருதாம்."

"பீட்டர் அம்மா மூஞ்சியில நான் எப்படிம்மா முழிப்பேன்?"

"நான் தனியாவாவது போறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா உள்ள விடுவாங்க."

வெகுநேரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், "தனியா வாசிச்சா நீ அழுதுடுவே. நானும் வர்றேன். தண்ணி ஊட்லேர்ந்தே எடுத்துக்க" என்றார்.

ஒருவன் செத்த மறுநாள் இதைக் கேட்கிறேன். வெட்கம் இருக்கிறது. வெட்கத்தோடுதான் கேட்டேன்.

ஜூன் 27, சனி

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

மாஸ்டர், நான், பாஸ் வாசிக்கும் டேனியல் அண்ணன், முதல் வயலின் அக்கா தங்கை இருவர். அவ்வளவுதான் ஆர்க்கெஸ்ட்ரா. லாரி இன்னும் வரவில்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழையில் வைக்க முடியுமா வயலினை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைசிக் கொட்டகைக்குள் ஓடினோம். இதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. உடம்பு முடியாதவர்கள் படுத்திருக்கும் இடம் என்று சொல்லியிருந்தார்கள்.

உள்ளே வாசித்தோம். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்கு மேலாக ஒரு மொட்டைக் குழந்தை எங்களையே பார்த்தது. லில்லியின் நெற்றி. லில்லியின் அதே அகல நெற்றி.

வில்லை இறக்கிவிட்டேன். அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பாய்களுக்கு நடுவே நடந்து போனேன்.

"அத்தான்."

திரும்பவில்லை. "போயிடு எஸ்தர்."

"அக்கா எங்கே?"

குழந்தைதான் பதில் சொன்னது. "அம்மா மரத்துக்குக் கீழ உக்காந்திருக்காங்க. பின்னால வருவாங்க."

அவர் தலை முழங்காலில் கவிழ்ந்தது. அப்புறம் சுவரிடமே சொன்னார். லில்லிக்குக் காய்ச்சல். நடக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் நிற்கவில்லை. "ரெண்டு பேரையும் தூக்க என் உடம்புல தெம்பில்ல. புள்ளயத் தூக்கிட்டுப் போங்கன்னு அவதான் சொன்னா. சொன்னாளா, சொன்ன மாதிரி நான் நெனச்சுக்கிட்டேனா, இப்பத் தெரியல. உயிரோடதான் இருந்தா எஸ்தர். திரும்பிப் பாத்தேன். பாத்துக்கிட்டிருந்தா."

எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க மொத மொத வாசிக்க வந்தப்பவே இருந்தோம். ஒவ்வொரு தரமும் நீ தேடுறதப் பாத்தேன். இந்தப் பக்கம் வந்து படுத்துக்குவேன். புள்ள வாயப் பொத்திக்குவேன்."

அடிக்க வேண்டும் போலிருந்தது. கை ஓங்கக்கூட வரவில்லை. அவர் முதுகில் தோல் உரிந்து, பிள்ளையைக் கட்டித் தூக்கிய துணியின் தடம் புண்ணாக இருந்தது.

முதல் வாரமே தெரிந்திருந்தால் மறு வாரம் போயிருக்க மாட்டோம். பீட்டர். இதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். வாய் அசைத்தேன், பாட்டு வரவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றும் கூடுதல் சோறு.

ஜூன் 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். குழந்தை பிழைத்தது என்றேன், தோத்திரம் என்றாள். அப்புறம் மற்றதையும் சொன்னேன். அழுவாள், அத்தானைச் சபிப்பாள், மயக்கம் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகச் சொம்பில் தண்ணீர் வைத்திருந்தேன்.

"உயிரோடதானே விட்டுட்டு வந்தான்?"

"ஆமாம்மா."

"செத்தத யாரும் பாக்கலியே?"

சொம்பைக் கையில் எடுத்தேன்.

"அப்ப பின்னால வந்தவங்க யாராவது தூக்கிக்கிட்டு வந்திருப்பாங்க. மனுஷங்கதானே எல்லாரும்." களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "நீ சனிக்கிழம போறத நிறுத்தாதே."

ஜூலை 2, வியாழன்

டாக்டர் பார்த்து, நோயில்லை என்று குழந்தையை விட்டார். ரோஸி வீட்டில். அம்மா மடியிலிருந்து இறக்குவதில்லை. குழந்தை எதையும் கேட்டு அழுவதில்லை. சாப்பிடும்போது ஒரு கை சோற்றைப் பாவாடையில் முடிந்துகொள்கிறது.

அத்தானை வரச் சொல்லி அனுப்பினாள் அம்மா. வரமாட்டேன் என்றுவிட்டார். அங்கேயே தண்ணீர் காய்ச்சுகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

ஜூலை 4, சனி

மேகமூட்டம். மழை இல்லை. கன்னியப்பன் வரமாட்டேன் என்று சொல்லி, அப்புறம் வந்தான். "காலரா ஊசி போட்டுக்கினேன்மா. ஏறு."

வேப்ப மரத்தடியில் பழையபடி. மாஸ்டர், டேனியல் அண்ணன், நான். முதல் வயலின்காரர்களை வீட்டில் விடவில்லை. என்னை முதல் நாற்காலியில் உட்காரச் சொன்னார் மாஸ்டர். "தப்பு கேட்டாப் பரவால்ல. சத்தமா வாசி." இரண்டே வாத்தியத்துக்கு எந்த நோட்டும் பொருந்தாது. வாசித்தோம்.

அந்தக் கைக்குழந்தைக்காரி வந்து எதிரே உட்கார்ந்தாள். மடியில் குழந்தை இல்லை. மெதுவானதை வாசிக்கச் சொல்லவில்லை. நாங்களாக வாசித்தோம். கிளாரினெட் வருகிற இடத்தில் மாஸ்டர் குச்சியை நிறுத்தவில்லை, வெறுமனே தாளம் மட்டும் போட்டார், அது முடிகிற வரை.

அத்தான் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். இந்த முறை ஒளியவில்லை. கையில் அகப்பை.

பாதியில் லாரி வந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், குச்சியைக் கீழே இறக்கவில்லை. வாசித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். பின் பலகையைத் திறந்தார்கள். கிழவர் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண், முகத்தைத் துணியால் மூடி, பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். லில்லி உயரம். அகப்பையைப் போட்டுவிட்டு அத்தான் ஓடினார்.

அவள் இல்லை.

அடுத்தவள் இறங்கினாள்.