இந்த வருஷமும் நான் இரண்டாவதுதான்

என் பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய மாப்ள இசக்கிமுத்துவுக்கு,

இந்த வருஷமும் நான் இரண்டாவதுதான். நீ இல்லாத ஓட்டத்திலும் இரண்டாவது. சிரிக்காதே.

மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை வழக்கம்போல எல்லாரும் சேர்ந்துதான் ஓடினோம். சக்கர நாற்காலிக்காரர்கள், செயற்கைக்கால் போட்டவர்கள், நம்மைப் போல ஊன்றுகோலில் தாவுகிறவர்கள், கூடவே இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள். கப் மட்டும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. சாரல் விழுந்துகொண்டே இருந்தது. மைக்கில் உன் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் அமைதியாக நிற்கச் சொன்னார்கள். நான் செத்தால் அரை நிமிடமாவது நிற்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

உன் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியுமா? சின்ன வயதில் உனக்கு இடது கால் சூம்பியது, எனக்கு வலது கால். அதோடு சமம் முடிந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் செல்போன் ரிப்பேர் கடை போட்டேன். பக்கத்தில் நீ போட்ட ஜூஸ் கடையில்தான் கூட்டம். ஓட்டத்திலும் வருஷா வருஷம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் குற்றாலம் போய்ச் சேர்ந்தேன். உன் சட்டையில் வேர்வை முதலில் எங்கே படியும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

போன வருஷத்து விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் கோலின் அடி ரப்பரை மற்றவர் பார்ப்பது நம் வழக்கம். நமக்கு நாமே பார்த்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும் என்பாய். அன்றைக்கு உன் வலது கோலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. நனைந்த ரோட்டில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

"என்னலே இவ்வளவு நேரம் பாக்குத, எப்படி இருக்கு?" என்றாய்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றேன்.

வளைவில் விழுந்தாய். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நான் நிற்காமல் உன்னைத் தாண்டிப் போனேன். கொஞ்ச தூரத்தில், ரத்தக் கையோடு என்னைத் தாண்டி நீயே முதலாவதாக வந்தாய்.

மறுநாள் கடைக்கு வந்து புது ரப்பர் ஒரு ஜோடி நீட்டினாய். "எனக்கு வாங்கும்போது ஒனக்கும் சேத்து வாங்கிட்டேன்லே. ஒனக்கும் தேஞ்சிருக்கும்லா?" நல்லவனாக இருப்பதிலும் நீதான் முதல். உன்னை நான் அதிகமாக வெறுத்தது அன்றைக்குத்தான்.

ஒருநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் மார்கழியில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

சரி, இந்த வருஷம் கப் எனக்குத்தான் என்று வந்தேன். கடையத்திலிருந்து ஜெபா என்று ஒரு டீச்சர், முதல் தடவையாக வந்திருந்தாள். அவள் கோலூன்றித் தாவுவதைப் பார்த்ததுமே கப் கைவிட்டுப் போகும் என்று தெரிந்துவிட்டது. நம் வழக்கத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கோலை என்னிடமே நீட்டினாள். ரப்பர் பாதி பிளந்திருந்தது.

'நல்லாத்தான் இருக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது மாப்ள. எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை. "இதோட ஓடாதம்மா, விழுந்துருவ" என்று சொல்லி, பையில் வைத்திருந்த மாற்று ரப்பரை மாட்டிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு வருத்தமும் பட்டேன். கடைசி வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன்.

கப் கொடுக்க உன் வீட்டுக்காரி பார்வதியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அந்தப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "அவுகளுக்கு இந்த அண்ணன்னா உசுரு. அன்னைக்கு விழுந்தப்பகூட, நல்ல வேளை அவன் பின்னால வந்தான்னுதான் சொன்னாக" என்றாள்.

அப்படியா சொன்னாய்? நான் உன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தாய் அல்லவா?

உன் நினைவாக ஓட்டக்காரர்கள் போடும் மலருக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்னால் உன் வீட்டு வாசலில் நின்று பார்வதியிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினாலும் சரி. இனி யார் கோலை நீட்டினாலும் உள்ளதைத்தான் சொல்வேன். இரண்டும் சத்தியம். உன் மேல் பொறாமைப்பட மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே. அது என்னால் முடியாது.

இன்னும் உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்
உன் மச்சான்,
கணபதி