தறியை நிறுத்த வேண்டாம்

நந்திதா அப்பாவுக்கு,

திருப்பதிக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிட்டேன். எழுப்பினால் மறுபடியும் சண்டைதான், அதனால் எழுப்பவில்லை.

சாதமும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் தங்கை அகிலாவைப் பெண் பார்க்க நாராயணவனத்துக்காரர்கள் வந்ததும் கேசரியைச் சுட வைத்துக் கொடுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு இட்லி கொடுத்த பிறகுதான் மாத்திரை. அவர் விழுங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தறியை நிறுத்தாதீர்கள். அந்தச் சத்தம் நின்றால்தான் அவர் மிரண்டு கத்துவார். ஒரு தறியாவது ஓடட்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?

நேற்று நான் இன்டர்வியூவுக்குப் பதில் சொல்லிப் பழகியபோது என்ன சொன்னீர்கள்? "முன்ன யாரையாச்சும் பாத்துக்கினியான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. எங்கண்ணன் பேச்ச எடுத்தா அகிலா கல்யாணம் நின்னுடும்." மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு முதல் கேள்வியே அதுதான். அங்கே தெலுங்கில்தான் கேட்பார்கள். அனுபவம் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறது என்று தெலுங்கில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

தேவசேனா

இன்னொன்று. பெண் பார்க்க யார் வந்தாலும் அவரைப் பின்னறையில் தள்ளிப் பூட்டுவீர்களே, அந்தப் பூட்டைத் தேடாதீர்கள். சாவியோடு என் பையில் இருக்கிறது. அவருடைய புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன். யாரென்று கேட்டால், அண்ணன் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.