சாக்குப்பை

ஜூன் 4

மாண்புமிகு அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் இன்று காலை முதல் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. துக்கம் விசாரிக்க வருபவர்கள் வாளியோடு வரவும்.

நீ கம்பெனியை விற்றுவிட்டுப் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை அது ஒன்றுதான். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறதென்று சொல்லும் செயலிக்காக நீயும் உன் ஆட்களும் கட்டிப் புரண்டு சண்டை போட்ட பின்னறையில் அம்மா இப்போது துணி காயப்போடுகிறாள். "அவ இருந்தப்ப சத்தம் தாங்கலன்னு கத்தினேன். இப்ப டீவிய சத்தமா வச்சுக்கிறேன்" என்கிறாள்.

முதலாளியாக இருந்த நீ முதலீட்டாளர் ஆகிவிட்டாய். முதலுக்கும் ஆளுக்கும் நடுவில் ஓர் ஈடு வந்து உட்கார்ந்துகொண்டதைக் கவனித்தாயா? இங்கே உனக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

இப்படிக்கு,
வாலு

ஜூன் 15

அடேய் வாலு,

குழாய்க்கு என் ஆழ்ந்த அனுதாபம். இனிமேலும் காகிதத்திலேயே எழுது. போனைத் திறந்தால் முதலீடு கேட்கும் ஆட்கள்தான். அந்தக் குவியலில் நீ காணாமல் போய்விடுவாய்.

இங்கே எனக்கு நீள மேசை, கண்ணாடிச் சுவர். வருகிறவர்கள் எல்லாரும் என் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள். மட்டமான ஜோக்குக்கு இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். பின்னறையில் "அக்கா, சும்மா இருங்க, நீங்க சொல்றது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். இங்கே அப்படி ஒருவரும் இல்லை.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். நாங்கள் யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. 'தொடர்பில் இருப்போம்' என்போம். நேற்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். கணினியைப் பைக்குள் வைத்தவளுக்கு ஜிப் போட வரவில்லை. நானும் ஒரு காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள்தானே.

அடுத்த மாதக் கடைசி சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 24

மதிப்பிற்குரிய முதலீட்டாளருக்கு,

நானும் கம்பெனி தொடங்கிவிட்டேன். பெயர் 'சாக்குப்பை'. வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்குத் தரமான சாக்குகள் தயாரித்துத் தருகிறோம். பணியாளர்கள் ஏழு பேர். உன் பின்னறைதான் தலைமை அலுவலகம். ஈரத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வாடிக்கையாளர்கள். கணக்கு வாத்தியார்கூட வீட்டில் சொல்வதற்கு ஒன்று கேட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் நீ வரும் அந்தச் சனிக்கிழமை நேரில் விளக்குகிறேன். நீ முதல் போட்டால், உன் ஜோக்குக்கு ஒருபோதும் சிரிக்க மாட்டேன் என்று எழுதியே தருகிறேன்.

இப்படிக்கு,
முதலாளி வாலு

ஜூலை 20

அன்புள்ள வாலு,

கடிதம் கிடைத்தது. யோசனை சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் ஒரே சாக்கை இரண்டு பேர் ஒரே வாத்தியாரிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வாய்? அதைக் கொஞ்சம் யோசி.

சனிக்கிழமை ஒரு கூட்டம் வந்துவிட்டது. வேறு எப்போது வர முடியும் என்று பார்க்கிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

தொடர்பில் இருப்போம்.

அக்கா

ஜூலை 29

அக்கா,

அம்மாவிடம் உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை காலையில்தான் சொன்னேன். அதற்குள் அவள் பின்னறைக் கொடியைக் கழற்றி, உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள்.

"அவளுக்குக் கூட்டமாம்மா."

"கூட்டத்துக்கு நடுவுல இருக்கான்னா நல்லதுதானடா. தனியா இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கொடியைக் கட்டினாள்.

உன் கடைசி வரியைக் கைப்பழக்கத்தில்தான் எழுதியிருப்பாய். எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் படித்த அன்று என் பள்ளிப் பைக்கு ஜிப் போட வரவில்லை.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பணியாளர்கள் ஏழு பேர் என்றது கொடியில் தொங்கிய சட்டைகளை எண்ணித்தான். கணக்கு வாத்தியார் என்னிடம் வீட்டுப்பாடத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. குழாய் மறுபடி சொட்டுகிறது. நான்தான் லேசாகத் திருகிவிட்டேன். சாக்குப்பையில் இருந்ததே ஒரே ஒரு சாக்கு. அதுவும் விற்பனைக்கு இல்லை, உனக்குக் கடிதம் எழுதுவதற்கு.

வாலு