தாமோதரன் ஏன் லேட்டாக வந்தான்?

என் பாசத்துக்கும் சந்தேகத்துக்கும் உரிய மாமா,

அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் தலைத்திவசம் முடிந்துவிட்டது. மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் இடத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருத்தரைப் போட்டிருக்கிறார்கள். மனுஷன் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். தேரடி வீதியில் ஒரு கடைக்காரர் வாசலில் டி.வி. பெட்டி வைத்துவிட்டார். சாயங்காலமானால் நம்ம நாடகத்துக்கு வரவேண்டிய கூட்டம் அங்கேதான் நிற்கிறது.

இருந்தாலும் காணும் பொங்கலுக்கு நம்ம நாடகத்தை மறுபடி போடுகிறோம். கல்யாணத் தரகராக உங்கள் வேஷத்தில் நான். சிரிக்காதீங்க மாமா. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த நாடகத்தை எழுதியவன் நான். இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் கற்க வரும் பிள்ளைகள் போன பிறகு, கார்பன் வைத்து ஆளுக்கொரு பிரதி அடித்துக் கொடுத்தவனும் நான். இத்தனை வருஷமாக ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தது என் நாடகத்துக்கா, உங்கள் வாய்க்கா?

எமர்ஜென்சி முடிந்த பிறகு, ஸ்கூல் மைதானத்தில் முதல்முதலாகப் போட்டோமே, அதிலிருந்து வருகிறேன். பெண் பார்க்கும் காட்சி. தரகர் நீங்கள், “இதோ மாப்பிள்ளை வந்துட்டாரு” என்றதும் சைக்கிள் கடை தாமோதரன் பட்டு வேட்டியோடு உள்ளே வரவேண்டும். வரவில்லை. நான் கையிலிருந்த பிரதியைப் புரட்டினேன். நீங்களோ பெண்ணின் அப்பாவைப் பார்த்து நிதானமாக ஆரம்பித்தீர்கள்.

“மாப்பிள்ளை கிரிவலம் போயிருக்காருங்க. அடி அண்ணாமலைகிட்ட வர்றப்பதான் பொண்ணு பார்க்கணும்னு ஞாபகம் வந்துச்சாம். என்ன பண்ணுவாரு? திரும்பினாலும் அதே தூரம், சுத்தி வந்தாலும் அதே தூரம்!”

மைதானமே அதிர்ந்தது. பெண்ணின் அப்பாவாக நடித்த போஸ்ட் ஆபீஸ் ரங்கசாமி சும்மா இருந்தாரா? “யாரு சொன்னது உமக்கு?” என்றார்.

“எதிர்க்க வந்தவரு சொன்னாருங்க.”

“கிரிவலத்துல எதிர்க்க எவன்யா வருவான்?”

“அவரும் ஒரு மாப்பிள்ளைதாங்க. பொண்ணு வேணாம்னு திரும்பி வந்தவரு.”

நான் எழுதிய ஒரு வரிக்குக்கூட அப்படிக் கைதட்டல் விழவில்லை. நாடகம் முடிந்ததும் உங்களை மடக்கினேன். “வாயில வந்துச்சு மச்சான், பேசிட்டேன்” என்றீர்கள். அந்த அப்பாவி முகத்தை அன்றைக்கே நான் நம்பவில்லை. நறுக்குத் தெறித்த மாதிரி ஒரு பேச்சு திடீரென்று வாயில் வருமா?

ஆரணியில் போட்டோம், தாமோதரன் லேட். செருப்பு அறுந்துவிட்டதாம். போளூரில் போட்டோம், மறுபடி லேட். ஒட்டுமீசை விழுந்துவிட்டதாம். ஆனால் நீங்கள் ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு பேசினீர்கள். தயார் பண்ணியிருந்தால் ஒன்றையே திருப்பிச் சொல்லியிருப்பீர்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம், ஊருக்கு ஒன்றாகத் தயார் பண்ணினீர்களோ என்று அடுத்த சந்தேகம்.

சரி, இவரைச் சட்டத்துக்குள் கொண்டுவருவோம் என்று, அடுத்த பிரதியில் நாலு விரற்கடை இடம் விட்டு, “இங்கே தரகர் இஷ்டம்போல் பேசலாம்” என்று அடித்துக் கொடுத்தேன். நீங்கள் அந்த இடத்தில் வந்து நின்று, வாயே திறக்காமல் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜனம் அதற்கும் சிரித்தது. எனக்கு உங்களை அடிக்கலாம் போலிருந்தது.

போன வருஷம் ஐப்பசியில் மண்டியில் மூட்டைமேல் சாய்ந்தீர்களே, அங்கே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். ஏதோ நடிக்கிறீர்கள் என்று. ஆள் வந்து சொன்னபோது நானும் நம்பவில்லை, மாமா. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் நம்பவில்லை.

போன வாரம் ஒத்திகை. உங்கள் பேச்சையெல்லாம் ஞாபகப்படுத்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் அடித்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். கிரிவலத்தைச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மைக்செட்காரர் கொட்டாவி விட்டார். பார்க்க வந்திருந்த அக்கா, வீட்டுக்குப் போகும் வழியில், “நீ சொல்றப்ப போஸ்டரைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்குடா” என்றாள். சுருக்கென்றது.

மறுநாள் நேராக தாமோதரன் கடைக்குப் போனேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். “ஏன்டா ஒவ்வொரு தடவையும் லேட்டா வந்தே?” என்று கேட்டேன்.

“இப்ப சொன்னா யாரு கோச்சிக்கப் போறாங்க? லேட்டா வாடான்னு சொன்னதே அவருதாங்க. துண்டைத் தோள் மாத்திப் போட்டா உள்ள வரணும். அதுவரைக்கும் படுதாவுக்குப் பின்னாலயே நிக்கணும்.”

பார்த்தீர்களா! நான் நினைத்தது சரிதானே! “அப்ப பேசினதெல்லாம் முன்னாடியே ஜோடிச்சதா?” என்றேன்.

“அத நானும் கேட்டேங்க. ‘ஜோடிச்சிருந்தா உன்ன எதுக்குடா நிக்க வெக்கப் போறேன்’னாரு. மாட்டிக்கிட்டு முழிச்சாத்தான் அவருக்கு வாய் வருமாம். பயம் ஜாஸ்திங்க அவருக்கு. மேடை ஏறறதுக்கு முன்னாடி என் கையைப் புடிச்சிக்குவாரு. ஜில்லுனு இருக்கும்.”

உங்களுக்குப் பயமா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் பத்து அடி தள்ளித்தானே நின்றேன். என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா?

தாமோதரன் சொல்வதும் முழுசாக நிஜமா என்று தெரியவில்லை. ரங்கசாமியும் உங்கள் கூட்டாளியோ என்னவோ. அவர் மகனோடு பம்பாய் போய்விட்டார், தப்பித்தார்.

காணும் பொங்கலன்று லேட்டாக வரும்படி தாமோதரனிடம் சொல்லிவிட்டேன். “நீங்களும் துண்டைத்தான் மாத்துவீங்களா?” என்றான். சைகையெல்லாம் வேண்டாம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை, அவனை நம்பித்தான் ஆகவேண்டும்.

அக்கா முன்வரிசையில் உட்காருவாள். உங்கள் வசனத்தில் ஒன்றைக்கூட நான் சொல்லமாட்டேன், மாமா. இது சத்தியம். அவன் வருகிறவரைக்கும் மேடையை விட்டு இறங்கவும் மாட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நம்புங்கள், நான் எதையும் ஜோடிக்கவில்லை.

உங்களை இன்னும் முழுசாக நம்பாத,
உங்கள் மச்சான்
ஏகாம்பரம்