மாங்கனி இறைக்கும் மாடி

ஜூன் 2, 2024, ஞாயிறு

கேட்டை அடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு கார். எதிரே உள்ள காபிக்கடைக்கு வந்தவர்களுடையது. போன வருடம் வரை அது அரிசி மண்டி. இப்போது கதவுக்கு நீலச் சாயம் அடித்து, வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்து, ஐஸ் போட்ட காபியை நூற்றெண்பது ரூபாய்க்கு விற்கிறார்கள். குடிப்பதற்கு முன் அதைப் படம் வேறு எடுக்கிறார்கள். உள்ளே போய், “கேட்டை மறைச்சி நிக்கிற கார் யாருதுங்க?” என்று கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. ஸ்கூட்டியை விட்டுவிட்டு, வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு நடந்தே போனேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வாயால் திட்டியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வீடு ஒரு கோடிக்கு விலை போனதாம். மழை பெய்தால் உள்ளேயும் பெய்கிற ஓட்டு வீடு அது.

ஜூன் 5

சாயங்காலம் வீட்டுப் புரோக்கர் சஃபியுல்லா பாய் தெருவில் நின்று எங்கள் மாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “என்ன பாய், எங்க வீட்டுல என்ன விசேஷம்?” என்றேன். “சும்மாம்மா. தெரு அழகா இருக்குல்ல” என்றார். முப்பது வருடமாக இதே தெருவில் டீ குடிக்கிறவருக்கு இன்றைக்குத்தான் அழகு தெரிந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது.

ஜூன் 6

பயந்தது சரி. வீட்டுச் சொந்தக்காரர் அகஸ்டின் சார் பாரிஸிலிருந்து கூப்பிட்டார். “தங்கச்சி, வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கோம். எம் பிள்ளைங்க யாரும் அங்க வரப்போறதில்ல. தொண்ணூறு லட்சம் சொல்றேன். நீங்க எடுக்கிறதா இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல” என்றார். நல்ல மனிதர். கீழ்வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மாடியை எங்களுக்கு விட்டிருக்கிறார். எட்டு வருடத்தில் வாடகையைப் பெரிதாக ஏற்றியதில்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை.

தொண்ணூறு லட்சத்துக்கு நாங்கள் எங்கே போவது? என் கணவர் மணிவேல் போட் என்ஜின் மெக்கானிக், கடலோரக் கருக்களாச்சேரிக்காரர். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்சமும் அசரவில்லை. “வரிச்சிக்குடியில இந்த வாடகைக்குத் தனி வீடே கெடைக்கும், பிரதீபா. எதுக்குக் கெடந்து தவிக்கிற?” என்றார். அவருக்கு வீடு என்றால் தூங்குகிற இடம்.

எனக்கு இந்த மாடி வேண்டும். கல்யாணமாகி ஐந்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்தேன். மாங்கனித் திருவிழாவில் சிவன் பிச்சாண்டவர் கோலத்தில் வீதியுலா வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளை வேண்டுகிறவர்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். நானும் நின்றேன். ஒரு பழம் விழுந்தது. மறுவருடம் இனியா பிறந்தாள். சாமி வருகிற தெருவில் மாடியாகப் பார்த்துக் குடிவந்ததே அதற்காகத்தான். வருடா வருடம் ஒரு கூடை, என் கையால். சாமி வராத வரிச்சிக்குடியில், வயலைப் பார்த்து நின்றுகொண்டு யாருக்கு எறிவது? கொக்குக்கா?

ஜூன் 9, ஞாயிறு

வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சிதம்பரநாதன். திருச்சியில் இரண்டு ஹோட்டல் வைத்திருக்கிறாராம். கூடவே மனைவி நந்தினி. அவர் மொட்டை மாடியில் காலால் அளந்து நடந்தார். “இங்க பத்து டேபிள் போடலாம். திருவிழா அன்னிக்குத் தனி ரேட்” என்றார். என் வேண்டுதலுக்கு ரேட்.

நான் சும்மா இருப்பேனா? பின்னறைச் சுவரின் ஓதத்தைக் காட்டினேன். “மழைக்காலத்துல கைய வச்சா நனைஞ்சிடுங்க” என்றேன். மோட்டாரைப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், முகம் சுருங்கியது. பச்சை உப்பு. எல்லாம் உண்மைதானே. கொஞ்சம் அன்போடு சொன்னேன், அவ்வளவுதான்.

அந்தப் பெண் இனியாவின் பள்ளிக்கூடப் போட்டோ முன்னாலேயே நின்றாள்.

படியிறங்கும்போது அவர் பாயிடம் சொன்னது காதில் விழுந்தது. “ஆடி பொறக்கிறதுக்குள்ள பத்திரம் முடிக்கணும், பாய்.” முடியாவிட்டால்? ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்? அதுவரை இழுத்தடித்தால் போதும், ஆள் வேறு இடம் பார்த்துவிடுவார்.

ஜூன் 13

ஓதம் வேலை செய்கிறது. திருச்சிக்காரர் எழுபதுக்குக் கேட்கிறாராம். அகஸ்டின் சார் தொண்ணூறிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறாராம். “உப்புத்தண்ணி குடுத்து என் பொழப்புல மண்ணைப் போடுறியேம்மா” என்றார் பாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஜூன் 17

மணிவேலோடு சண்டை. “இவன் போனா இன்னொருத்தன் வருவான். எத்தன பேருக்கு உப்புத்தண்ணி குடுப்ப?” என்றார். எத்தன பேரு வந்தாலும் குடுப்பேன். இவருக்கென்ன, கடலுக்குப் பக்கத்துல எங்க போட்டாலும் பாய விரிச்சிப் படுத்துடுவாரு. சாப்பிட மாட்டேன் என்று படுத்தேன். பசித்தது. எழுந்து சாப்பிட்டேன்.

ஜூன் 19

அகஸ்டின் சார் கூப்பிட்டார். திருச்சிக்காரர் குடும்பத்தோடு எங்கள் மாடியிலிருந்து திருவிழா பார்க்க வேண்டுமாம். “விலை படியுதான்னு பாப்போம் தங்கச்சி, மனசு வைங்க” என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வீடு அவருடையது.

ஜூன் 21, வெள்ளி. மாங்கனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். நாற்காலிகள், தண்ணீர் கேன்கள், மூன்று கூடைப் பழம். என் ஒற்றைக் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தார் ஒருவர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் தரை தெரியாத கூட்டம்.

மேளச் சத்தம் நெருங்கும்போது நந்தினி என் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, நான் பழம் போட வரல. கீழ நின்னா கெடைக்குமா?” கல்யாணமாகி ஏழு வருடமாம். புருஷனுக்கு இதில் நம்பிக்கை இல்லையாம், கேட்டால் சிரிப்பாராம். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

போய் நில்லு, யாராவது போடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு. “அந்த வெளக்குக் கம்பத்துக்கிட்ட நில்லுங்க. முந்தானைய ரெண்டு கையாலயும் விரிச்சிக்குங்க. நான் போடுறேன்.” அந்தக் கம்பத்தடியில்தான் அன்றைக்கு நானும் நின்றேன்.

முதல் பழம் யாரோ ஒருவர் தலையில் விழுந்தது. இரண்டாவதை ஒரு பெரியவர் எம்பிப் பிடித்துவிட்டார். மூன்றாவது அவள் முந்தானையில் விழுந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தனை கூட்டத்தில், நின்ற இடத்திலேயே அழுதாள். அவள் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்த நேரம் எனக்கு மறந்துபோனது. நானும் அழுதேன்.

போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. திருச்சிக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை என்று பாய் சலித்துக்கொண்டார். பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று இனியா கேட்டாள். ஆடி ஒண்ணு என்றேன்.

ஆகஸ்ட் 6

நந்தினி பேசினாள்.

“அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டரும் சொல்லிட்டாங்க.” அதற்கு மேல் பேச முடியாமல் விம்மினாள். கடையில் கஸ்டமரை நிற்க வைத்துவிட்டு நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

பிறகு சொன்னாள். “எனக்கு அந்த வீடுதான் வேணும்னு சொல்லிட்டேன்க்கா. அவங்க கேக்கிற வெலையே குடுத்துடுறேன்னு இவரும் சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் அங்கேருந்துதான் நான் பழம் போடணும்.” நாங்கள் அங்கே குடியிருக்கிறோம் என்பது அந்த நேரம் அவள் நினைவில் இல்லை. குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கும் அவள் யார் என்பது மறந்துதானே போனது.

நான் என்ன சொன்னேன்? “நல்லா இருங்க” என்றேன்.

ஆகஸ்ட் 7

உப்புத்தண்ணி குடுத்து வெரட்டினேன். பழம் போட்டுக் கூப்பிட்டுக்கிட்டேன். என்ன பொம்பள நான்.

ஆகஸ்ட் 23

பத்திரம் முடிந்தது. பாய் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தார்; கொடுப்பதா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றார். வாங்கிக்கொண்டேன். அவர் என்ன செய்வார்.

‘நான்தான் சொன்னேனே’ என்ற வார்த்தை மணிவேல் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் ஒரு மூச்சு சண்டையாவது போட்டிருக்கலாம். மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சாமான் ஏற்ற வந்த குட்டி யானை உள்ளே வர முடியவில்லை. கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு கார். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். இன்றைக்கு மட்டும் நான் யாரையும் தேடிப் போகவில்லை.

நவம்பர் 28

வரிச்சிக்குடியில் மழை. இந்த வீட்டில் ஓதம் இல்லை. தண்ணீரும் இனிப்பு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது எரிச்சலாக இருக்கிறது.

2025 ஜூலை 10, வியாழன். மாங்கனி

நந்தினி நேற்றே பேசியிருந்தாள். “டேபிள் எல்லாம் புக் ஆயிடுச்சுக்கா. ஆனா நீங்க எங்கூட நிக்கணும். மொதப் பழம் உங்க கையால போடணும்.” வருகிறேன் என்றேன்.

போனேன். மேலே ஏறவில்லை. இனியாவைக் கூட்டிக்கொண்டு விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். நாங்கள் இருந்த வீட்டுக் கதவுக்கும் நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள். நான் துணி காயப்போட்ட இடத்தில் குடைகளும் மேஜைகளும். கைப்பிடிச் சுவரோரம் நந்தினி, தோளில் மூன்று மாதக் குழந்தை. கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏன் மேலே வரவில்லை என்று கையால் கேட்டாள். இங்கேயே நிற்கிறேன் என்று நானும் கையால் காட்டினேன். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பழத்தை எடுத்துக் குறிபார்த்து எறிந்தாள். விலகிக்கொள்ளத்தான் நினைத்தேன். கை தானாக முந்தானையை விரித்தது. பழம் அதில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவள், “நல்ல சேதி வரும் பாருங்க” என்றாள். நாற்பது வயதில் இனி என்ன சேதி. சிரிப்பு வந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை இனியா பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த ஆன்ட்டி பழம் புடிச்சாங்க, நம்ம வீடு அவங்களுக்குக் கெடச்சிது. இப்ப நீ புடிச்சிருக்கல்ல. நமக்கு யாரு வீடும்மா கெடைக்கும்?”

வரிச்சிக்குடி பஸ் வந்தது. ஏறு என்றேன்.